துப்பாக்கிக்குள்ளே ஒரு சின்ன ரூம்!

எங்கள் சிங்கம்புணரியில் வைகாசித் திருவிழா என்றால் மூன்று விஷயங்கள் கட்டாயம். சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் தேர். தேரோட்டத்தன்று மலைமலையாக உடைபடும் தேங்காய். அப்புறம், வீதி ஓரத்தில் கடை போட்டு, ஏர் கன்னை நீட்டி "வாங்க சார், பலூன் சுடுங்க சார்" என்று மானத்தை வாங்கக் காத்திருக்கும் ஆசாமி.

வாங்கினார். பத்து குண்டு சுட்டேன். உடைந்தது ஒரே பலூன். அதுவும் நான் குறி வைத்தது சிவப்பு. உடைந்தது இரண்டு வரிசை தள்ளி மஞ்சள். பக்கத்தில் மனைவி. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் எத்தனை வகை உண்டு என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

"துப்பாக்கி சரியில்லை" என்றேன், உலக வழக்கப்படி.

"கரெக்ட் மாமா! எனக்கும் அதே பிரச்னைதான்" என்று ஆதரவுக்கு வந்தான் அக்கா மகன். காலேஜில் என்.சி.சி. பையன். கேம்ப்பில் பாயின்ட் டூ டூ ரைஃபிளால் அஞ்சு ரவுண்டு சுட்டானாம். அஞ்சும் அஞ்சு ஊரில் போய் விழுந்ததாம். "நல்ல ரைஃபிள் மட்டும் இருந்தா..." என்று அவன் இழுத்தபோது, அக்காவின் கை தானாகப் போய் கழுத்துச் செயினைத் தொட்டுக்கொண்டது.

காரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1-ம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார் அல்லவா? அன்றிலிருந்து வீட்டில் இதே பல்லவி. குசாலே யார்? மகாராஷ்டிராவில் கோலாப்பூர் பக்கம் ஒரு கிராமத்துப் பையன். அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் உத்தியோகம். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். "டி.டி.இ.யால முடியும்னா என்னால முடியாதா?" என்கிறான் பையன். முடியும்தான். ஆனால் போட்டிக்கு அவர்கள் பிடிக்கிற ஜெர்மன் ரைஃபிள் சில லட்சம் ஆகும். லைசென்ஸ் தனி. தோட்டா தனி. அக்கா வீட்டுக்காரர் கயிறு வியாபாரம். அந்த வருமானத்தில் லட்சம் என்றால் அது செயினில்தான் போய் முடியும்.

ஆக, கேள்வி இது: துப்பாக்கி சரியில்லையா, ஆள் சரியில்லையா?

தீர்ப்புச் சொல்ல எங்கள் குடும்பத்தில் ஒரே ஒரு நீதிபதிதான் உண்டு. என் தாய்மாமன். ராணுவத்தில் ஆர்மரராக இருந்து ரிட்டயரானவர். ஆர்மரர் என்றால் துப்பாக்கி சுடுகிறவர் இல்லை. துப்பாக்கிக்கு வைத்தியம் பார்க்கிறவர். எதிரியைவிட ஸ்க்ரூ டிரைவரைத்தான் அதிகம் பார்த்தேன் என்று அவரே சொல்வார்.

திண்ணையில் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டவர், என் சட்டைப் பையிலிருந்த பால்பாயின்ட் பேனாவை உருவினார்.

"மாப்ளே, ஆபீஸ்ல எப்பவாச்சும் ரீஃபிள் லொடலொடன்னு ஆடுற பேனாவுல கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?"

"தினமும் மாமா."

"எப்படி வரும்?"

"மேனேஜர் கையெழுத்து மாதிரி வரும்."

"அம்புட்டுதான். ரீஃபிளுக்கும் அதே கதை, ரைஃபிளுக்கும் அதே கதை. குழலைப் பத்தி எல்லாரும் பேசுவான். குழலுக்குப் பின்னாடி ஒரு சின்ன ரூம் இருக்கே, அதை எவனும் கேக்க மாட்டான்."

அந்த ரூமுக்குப் பெயர் சேம்பர். தோட்டா போய் உட்காரும் இடம். பாயின்ட் டூ டூ துப்பாக்கியில் அதன் நீளம் நம் சுண்டுவிரல் ஒரு கணுவுக்குக் கிட்டத்தட்ட. ஒலிம்பிக்ஸில் 50 மீட்டருக்கு இன்றும் சுடுகிற தோட்டா 1887-ல் அமெரிக்காவில் பிறந்தது. நுனி முதல் அடி வரை 25 மில்லிமீட்டர் சொச்சம். முன்னால் இருக்கும் ஈயக் குண்டின் எடை 2.6 கிராம். பின்னால் பித்தளைக் கூடு, அதற்குள் சிட்டிகை மருந்து.

சேம்பர் முடிகிற இடத்தில் குழல் ஆரம்பிக்கிறது. குழலுக்குள் திருகு திருகாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். நம் பாஷையில் மரை. (சிலருக்குத் தலையில் கழன்றுவிடுமே, அதே மரைதான்!) இந்த மரை 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பார்க்க மெதுவான திருகல்தான். ஆனால் குண்டு செகண்டுக்கு 330 மீட்டர் வேகத்தில் ஓடுவதால், வெளியே வரும்போது செகண்டுக்கு சுமார் 800 சுற்று சுற்றிக்கொண்டு வரும். அந்தச் சுழற்சிதான் அதை நேராகக் கொண்டுபோகிறது.

"நம்ம ஊர்ல கயிறு திரிக்கிறதைப் பார்த்திருக்கேல்ல?" என்று பையனைக் கேட்டார் மாமா. "ஆரம்பத்துல நார் கோணலா ஏறிட்டா என்னாகும்?"

"கடைசி வரைக்கும் கோணல்தான் தாத்தா."

"குண்டும் அப்படித்தான். மரையில ஏறுறப்ப கோணலா ஏறுச்சுன்னா, முடிஞ்சுது."

இங்கேதான் சேம்பர் வெட்டுகிறவனின் சாமர்த்தியம். சாதாரண துப்பாக்கியில் இந்த ரூமைக் கொஞ்சம் தாராளமாக விட்டிருப்பார்கள். எந்தக் கம்பெனித் தோட்டா போட்டாலும் சட்டென்று உள்ளே போக வேண்டும், சட்டென்று வெளியே வர வேண்டும் என்பதற்காக. போட்டித் துப்பாக்கியின் சேம்பரோ இறுக்கம். இரண்டுக்கும் அகலத்தில் வித்தியாசம் எவ்வளவு என்கிறீர்கள்? ஒரு தலைமுடிப் பருமன்!

நீளத்திலும் விஷயம் இருக்கிறது. சாதாரண சேம்பரில் குண்டின் மூக்குக்கும் மரைக்கும் நடுவே கொஞ்சம் காலி இடம் இருக்கும். மருந்து வெடித்ததும் குண்டு அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துத்தான் மரையைப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு குதியில் துளி சாய்ந்தாலும் சாய்ந்தபடியே மரையில் மாட்டிக்கொள்ளும். போட்டி சேம்பரில் குதிக்கிற வேலையே இல்லை. போல்ட்டை மூடும்போதே குண்டின் மூக்கு மரைக்குள் லேசாக அழுந்திவிடும். சுடாமல் தோட்டாவை உருவிப் பார்த்தால் ஈயத்தில் மரையின் தடம் பதிந்திருக்கும். ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறுவதற்கும், பஸ் கிளம்புவதற்கு முன்பே ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசம்.

சாய்ந்து ஏறினால்தான் என்ன? பம்பரம் விட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆணியை நடு மையத்தில் அடிக்காத பம்பரம் என்ன ஆட்டம் ஆடும்? கோணல் குண்டும் அப்படித்தான். குழலுக்குள் இருக்கும்வரை நான்கு பக்கமும் இரும்பு பிடித்திருப்பதால் அடங்கி வரும். வாயை விட்டு வெளியே வந்ததும் தன் கனமான பக்கம் அந்த நொடியில் எந்தத் திசையை நோக்கிச் சுழன்றுகொண்டிருக்கிறதோ அந்தத் திசையில் ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு போகும். ஒரு குண்டு வலது, அடுத்தது மேலே, அடுத்தது... சுடுகிறவன் தன் கையைச் சந்தேகப்பட்டே பைத்தியமாக வேண்டியதுதான்.

இன்னொரு வில்லங்கம், ஹெட் ஸ்பேஸ் என்று மாமா சொன்னது. பாயின்ட் டூ டூ தோட்டாவின் அடியில் 1 மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுக்கு ஒரு விளிம்பு உண்டு. ஊசி போய் அடிப்பது அந்த விளிம்பைத்தான். விளிம்பு உட்காரும் பள்ளம் கொஞ்சம் ஆழமாகிவிட்டால், ஊசி அடிக்கும்போது தோட்டா முன்னால் நகர்ந்துகொடுக்கும். அடி பஞ்சுமெத்தையில் விழுந்த மாதிரி. மருந்து ஒரு தடவை சுரீர் என்று பிடிக்கும், ஒரு தடவை சோம்பலாகப் பிடிக்கும். குண்டின் வேகம் செகண்டுக்கு 10 மீட்டர் முன்னே பின்னே போனால்கூட 50 மீட்டர் தூரத்தில் ஆறேழு மில்லிமீட்டர் மேலே கீழே தள்ளிவிடும்.

"ஆறேழு மில்லிமீட்டர்தானே?" என்றேன் நான், பெருந்தன்மையாக.

மாமா என் சட்டைப் பொத்தானைப் பிடித்தார். "ஒலிம்பிக்ஸ் 50 மீட்டர் டார்கெட்டில் பத்து மார்க் வட்டம் எத்தனை தெரியுமா மாப்ளே? 10.4 மில்லிமீட்டர். இந்தப் பொத்தான் சைஸ். நான் அங்க, நீங்க நம்ம தெரு முனைல. எனக்குப் பொத்தானே தெரியாது, நீங்கதான் தெரிவீங்க. இதுல ஆறேழு போயிருச்சுன்னா மிச்சம் என்ன?"

ஃபைனலில் பத்தையும் பத்தாகக் கூறுபோட்டு 10.9 வரை மார்க் தருகிறார்கள். அந்தக் கணக்கில் 0.1 என்பது 0.8 மில்லிமீட்டர். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் நம் ஜாய்தீப் கர்மாகர் படுத்த நிலைப் போட்டியில் நான்காவதாக வந்தார். அவர் எடுத்தது 699.1. வெண்கலம் வாங்கிய ஸ்லோவேனியாக்காரர் 701.0. எழுபது குண்டு சுட்டு 1.9 மார்க்கில் பதக்கம் போனது. அதற்கு சேம்பர் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த அளவு நெருக்கத்தில் நிற்கிறவர்கள் ஏன் தலைமுடிப் பருமனுக்கு உயிரை விடுகிறார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

அவர்கள் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. பெரும்பாலானவர் கையில் இருப்பது அன்ஷூட்ஸ் அல்லது வால்தர். இரண்டு கம்பெனியும் ஜெர்மனியில் உல்ம் என்ற ஊரில் இருக்கின்றன. ஐன்ஸ்டைன் பிறந்த அதே ஊர்! ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த நம்பர் என்று இரண்டு ரைஃபிள் வாங்கினாலும் இரண்டுக்கும் ஒரே தோட்டா ஒத்துவருவதில்லை. லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். சேம்பர் குடைகிற ரீமர் தேயத் தேய, வெட்டும் துவாரமும் துளித்துளியாகச் சின்னதாகும். அதனால் வீரர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தோட்டாக் கம்பெனிக்கே போகிறார்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கம் ஈலி என்று ஒரு கம்பெனி (எலி இல்லை, ஈலி!). அங்கே குழலை இடுக்கியில் கவ்வவைத்து, ஒவ்வொரு பேட்ச் தோட்டாவாகச் சுட்டுப் பார்த்து, எது தன் சேம்பருக்குப் பிடிக்கிறதோ அந்த பேட்ச்சையே மொத்தமாக வாங்கி வருகிறார்கள். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதுபோல.

"அப்போ இறுக்கமான சேம்பர்தான் பெஸ்ட். எல்லாத் துப்பாக்கியிலயும் அதையே போட்டுட வேண்டியதுதானே?" என்றான் பையன்.

மாமா உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "அப்படி நினைச்ச ஒருத்தனாலதான் ஆயிரக்கணக்கான பயலுக திண்டாடுனாங்க" என்றார்.

சார்லஸ் ராஸ் என்று ஸ்காட்லாந்துப் பிரபு. கனடாவில் கியூபெக்கில் ஃபாக்டரி வைத்து, தன் பெயரிலேயே ஒரு ரைஃபிள் செய்தார். முதல் உலகப் போருக்கு முந்தைய வருஷங்களில் இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்துப் போட்டிகளில் ராஸ் ரைஃபிள் பரிசுகளை அள்ளியது. குறி அப்படி. சேம்பர் கச்சிதம். 1914-ல் போர் வந்ததும் கனடா தன் பையன்கள் கையில் அதையே கொடுத்துக் கப்பலேற்றியது.

1915 ஏப்ரல். பெல்ஜியத்தில் ஈப்பர் போர்க்களம். ஜெர்மன்காரர்கள் குளோரின் விஷவாயுவைத் திறந்துவிட்ட அதே போர். பதுங்குகுழியில் சேறு. அவசரத்தில் உற்பத்தியான பிரிட்டிஷ் தோட்டாக்களோ அளவில் ஒன்றுக்கு ஒன்று துளி முன்னே பின்னே. எதிரி வரிசை வரிசையாக வருகிறான். இவன் வேகமாகச் சுடுகிறான். சேம்பர் சூடேறுகிறது. சுட்ட தோட்டாவின் கூடு உள்ளேயே இறுகிக்கொள்கிறது. போல்ட்டை இழுத்தால் வரவில்லை! பூட்ஸ் காலால் உதைத்தார்கள். மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். அடித்துத் திறந்து ஒரு தோட்டா, மறுபடி அடித்துத் திறந்து இன்னொரு தோட்டா. மூச்சு முட்டும் புகை, எதிரே துப்பாக்கியோடு ஆள், கையில் திறக்காத துப்பாக்கி. நினைத்துப் பாருங்கள்.

உயிரோடு திரும்பியவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ராஸைத் தூக்கி எறிந்துவிட்டு, பக்கத்தில் செத்துக்கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ என்ஃபீல்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்ததை வாங்க மேலதிகாரிகள் முயன்றும் பலர் கொடுக்கவில்லை. பிறகு சேம்பரைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தார்கள். போன நம்பிக்கை திரும்பவில்லை. 1916-ல் ராஸை மொத்தமாக விலக்கிக்கொண்டார்கள். அதைக் கடைசிவரை தாங்கிப் பிடித்த கனடா ராணுவ மந்திரி சாம் ஹியூஸுக்கு அந்த நவம்பரில் பதவியும் போனது.

வேடிக்கை என்னவென்றால், ஒரே ஒரு கூட்டம் மட்டும் ராஸை விடவில்லை. ஸ்னைப்பர்கள். அவர்கள் தோட்டாக்களைத் துடைத்து, பார்த்துப் பொறுக்கி, நிதானமாக ஒன்று சுடுகிறவர்கள். அவர்களுக்கு அதைவிட நல்ல துப்பாக்கி கிடையாது.

லீ என்ஃபீல்ட் என்றால் யாரோ என்று நினைக்காதீர்கள். நம் போலீஸ்காரர்கள் பல வருஷம் தோளில் மாட்டிக்கொண்டு பந்தோபஸ்துக்கு வந்தார்களே, த்ரீ நாட் த்ரீ, அதே குடும்பம். கல்கத்தா பக்கம் இஷாப்பூரில் நாமே செய்தோம். அதன் சேம்பர் தாராள மனசுக்காரன். சேறு பட்ட தோட்டா, கொஞ்சம் பருத்த தோட்டா, எது வந்தாலும் "வாய்யா, உள்ளே உக்காரு" என்று இடம் கொடுக்கும். அதே ஈப்பரில் கனடாக்காரர்களுக்கு உதவியாக ஓடிய லாகூர் டிவிஷன் இந்தியச் சிப்பாய்கள் கையில் இருந்ததும் அதுதான்.

"நம்ம மருதுபாண்டியர் காலத்துத் துப்பாக்கியில இந்த ரூமே கிடையாது, தெரியும்ல?" என்று மாமா நம் சீமைக்குத் திரும்பினார். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். முன்பக்கமாக உருண்டு போக வேண்டும் என்பதற்காகக் குண்டைக் குழலைவிடச் சின்னதாகத்தான் வார்ப்பார்கள். வெடித்தால் அது சுவரில் முட்டி முட்டி வெளியே வரும். கடைசியாக எந்தச் சுவரில் முட்டியதோ அதற்கேற்ற திசை. 1801 அக்டோபர் 24-ல் பக்கத்துத் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கும்பெனிப் படையிலும் பெரும்பாலும் இதே மாதிரி, மரை இல்லாத துப்பாக்கிகள்தான். சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றுக்கொண்டதாக வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரியே எழுதிவைத்திருக்கிறார். அன்றைய துப்பாக்கியைப் பார்த்தால் வெல்ஷ் புத்திசாலி என்றுதான் தோன்றுகிறது.

சரி, தீர்ப்பு?

"நீ சுட்ட டார்கெட் பேப்பர் இருக்கா?" என்றார் மாமா. பையன் தயங்கித் தயங்கி நோட்டுக்குள்ளிருந்து எடுத்தான். 25 கஜத்தில் சுட்டது. அஞ்சு ஊர் என்று சொன்னானே தவிர, பேப்பரில் அப்படி இல்லை. நாலு ஓட்டை இடப்பக்கம் கீழே, ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம் போல நெருக்கமாக. ஒன்று மட்டும் வலது மேல் மூலையில் தனியாக.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நாலும் மையத்துல விழலையேன்னுதானே நீ பார்த்தே? நான் அதைப் பார்க்கலை. நாலும் ஒரே இடத்துல விழுந்திருக்கு பாரு. சேம்பர் கெட்டுப்போன ரைஃபிளால இது ஆகாது. அது அஞ்சையும் சிதறடிக்கும். மையம் தள்ளியிருக்கிறது சைட்டு சமாச்சாரம், திருகி நேராக்கிடலாம்."

"அந்த அஞ்சாவது தாத்தா?"

"தோட்டாவா இருக்கலாம். ஆனா நாலு நல்லா விழுந்ததும் சந்தோஷத்துல நீ டிரிக்கரைச் சுண்டியிருப்பே."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். சுண்டியிருக்கிறான்.

"இப்ப உன் கையைவிட இந்த ரைஃபிள் நல்லா சுடுது. எப்ப உன் கை அதைத் தாண்டுதோ, அன்னிக்கு அந்த ஜெர்மன் ரைஃபிளைப் பத்திப் பேசுவோம். அதுவரைக்கும் தினம் அரை மணி நேரம், வெறும் துப்பாக்கி. அது இல்லைன்னா தொடப்பக்கட்டை. நுனியில ஒரு ரூபாய்க் காசை வெச்சுக்க. விரலை இழுக்கிறப்ப காசு விழக் கூடாது." ராணுவத்தில் இப்படித்தான் பழக்குவார்களாம்.

அக்கா எழுந்து போய் எல்லாருக்கும் காபி கொண்டுவந்தாள். மாமாவின் டம்ளரில் மட்டும் நுரை கூடுதல்.

அன்று சாயங்காலம் மாமாவையும் இழுத்துக்கொண்டு பலூன் கடைக்குப் போனோம். அந்த ஏர் கன்னில் தோட்டாவும் கிடையாது, சேம்பரும் கிடையாது. குழலை மடக்கி, பாவாடை கட்டிய மாதிரி இருக்கும் சின்ன ஈயக் குண்டைக் குழலின் பின்வாயில் நேராகத் திணிக்கிறோம். மாமா டப்பாவிலிருந்த குண்டுகளை உள்ளங்கையில் கொட்டினார். ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, பாவாடை நசுங்கியதையெல்லாம் ஒதுக்கிவைத்தார். நல்லதாக ஒன்றை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் நேராக, பூப்போல அழுத்தினார்.

முதல் குண்டை பலூனைச் சுடாமல் பலகையின் காலி இடத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துச் சுட்டார். "நாலு விரல்கடை வலது இழுக்குது" என்றார் தனக்குத்தானே. அப்புறம் நாலு விரல்கடை இடது தள்ளிக் குறி வைத்து ஆரம்பித்தார். டப். டப். டப். சிவப்பு வரிசை காலி.

என் மனைவி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவையும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழாவது பலூனுக்கு மாமா மறுபடி டப்பாவைக் கிளறி குண்டு பொறுக்க ஆரம்பித்தபோது, கடைக்காரர் மெதுவாகத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பு, காசு வேணாம், போயிட்டு வாங்க. நீங்க குண்டு பொறுக்கி முடிக்கிறதுக்குள்ள எனக்கு நாலு கிராக்கி போயிருச்சு!"